கூட்டிட்டுப் போறதுக்கு முன்னால

மறதிக்காக டாக்டரிடம் கூட்டிப் போவதற்கு முன்னால், முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள். நாற்பது பக்க நோட்டு போதும். உங்கள் வீட்டுக்காரர் இரண்டு வருஷத்துக்கு முன்னால் யார் துணையும் இல்லாமல் செய்துவந்து, இன்றைக்குச் செய்ய முடியாமல் தடுமாறுவது என்னென்ன என்று அதில் எழுதுங்கள். ஆதார் கார்டு, காப்பீட்டு அட்டை, பழைய ஸ்கேன் எல்லாம் அப்புறம்.

தங்கச்சிமடத்திலிருந்து எங்க மதினி ஒருத்தர் போன் பண்ணினார். "அண்ணனை டாக்டர்கிட்ட காட்டுனீகளே, எங்க வீட்லயும் அதே கூத்துதான் நடக்குது. என்னென்ன எடுத்துட்டுப் போகணும், யாரைப் பார்க்கணும், சொல்லுங்க" என்றார். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும். அதனால் இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவள். எழுதிவைத்துப் பழக்கம், அவ்வளவுதான்.

எங்க வீட்டுக்காரர் விசைப்படகு டிரைவராக இருந்தவர். கரைக்கு வந்த பிறகும் படகு முதலாளியான சம்மாட்டி வீட்டுக் கணக்கு அவரிடம்தான். டீசல், ஐஸ், அரிசி எல்லாம் கழித்து ஆளுக்கு எவ்வளவு பங்கு என்று மனசாலேயே கூட்டிச் சொல்லிவிடுவார். அந்த மனுஷர் ஐநூறு ரூபாய்த் தாளையும் நூறு ரூபாய்த் தாளையும் பிரித்து அடுக்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்ததைத்தான் நான் முதல் வரியாக எழுதினேன். இரண்டாவது வரி, ஏலக்கூடத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் தெரு மாறி நின்றது. மூன்றாவது, கிழிந்த வலையைப் பின்னிச் சரிசெய்வதில் ஒரு குறையும் இல்லை என்பது. முடிகிறதையும் எழுதுங்கள். கை பழகிய வேலை நிற்கிறது, கணக்கு போய்விட்டது என்ற அந்த வித்தியாசத்தில் டாக்டருக்கு நிறைய செய்தி இருக்கிறது.

"ரொம்ப மறதிங்க சார்" என்று மட்டும் சொன்னால் அவருக்கு ஒன்றும் பிடி கிடைக்காது. அறுபது தாண்டிய யாருக்குத்தான் மறதி இல்லை? சாவியை வைத்த இடம் மறப்பது ஒன்று. சாவி எதற்கு என்றே முழிப்பது வேறு ஒன்று.

எப்போது தொடங்கியது என்று கட்டாயம் கேட்பார்கள். தேதி நினைவில் இல்லையென்றால் பரவாயில்லை. நம்ம கரையில் வருஷத்தைப் பிரித்துக் காட்ட வேறு குறிகள் இருக்கின்றன. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், மாசியில் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா, வாடைக்காற்று தொடங்கும் சமயம். 2022 டிசம்பரில் பாம்பன் பாலத்தில் ரயில் நின்றது, 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி புதுப்பாலம் திறந்தது. "ரயில் நின்ன சமயத்துல நல்லாத்தான் இருந்தாரு, பாலம் திறந்தப்ப பேரப்பிள்ளை பேரு தடுமாறிச்சு" என்று சொன்னாலே போதும், டாக்டர் காலக்கணக்கைப் போட்டுக்கொள்வார்.

தொடங்கிய நாளைவிட அது நகர்ந்த விதம் முக்கியம். கொஞ்சம் கொஞ்சமாக, எப்போது ஆரம்பித்தது என்றே தெரியாமல் நகர்ந்ததா? அல்சைமர் என்ற மறதி நோய் பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது. நன்றாக இருந்து, ஒருநாள் சட்டென்று குறைந்து, கொஞ்ச மாதம் அப்படியே நின்று, மறுபடி குறைந்ததா? மூளை ரத்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். பிரஷரும் சுகரும் உள்ளவர்களுக்கு அதிகம். இரண்டு மூன்று நாளில் ஆளே மாறி, ராத்திரியில் பிதற்றி, பகலில் தூங்கி வழிந்தால் அதற்கு நோட்டும் வேண்டாம், நாள் குறிக்கவும் வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, நிமோனியா என்று எதுவாகவும் இருக்கலாம். வயசானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் குழப்பமாக மட்டும் வெளிப்படுவது உண்டு. அதை "மறதி நோய்தான்" என்று வீட்டில் வைத்துக்கொண்டிருந்தால் உயிருக்கே ஆபத்து.

சொல்லக் கூச்சமான விஷயங்களும் நோட்டில் வரவேண்டும். இல்லாத ஆட்களைப் பார்க்கிறாரா? தூக்கத்தில் கனவோடு சேர்ந்து கை காலை வீசி அடிக்கிறாரா? நடையில் இழுப்பு, கை நடுக்கம் உண்டா? டிமென்ஷியா என்கிற மறதி நோயில் லூயி பாடி என்று ஒரு வகை உண்டு, அதில் இவையெல்லாம் சேர்ந்து வரும். அந்த வகைக்காரர்களுக்கு மனக்குழப்பத்துக்கு வழக்கமாகக் கொடுக்கிற சில மாத்திரைகள் கடுமையாகத் தாக்கிவிடும். அதனால் டாக்டருக்கு முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும். சிலருக்கு ஞாபகம் நன்றாக இருக்கும், குணம் மட்டும் மாறியிருக்கும். வாய்க்கு வந்ததைப் பேசுவது, இனிப்பை அள்ளித் தின்பது, துக்க வீட்டில் சிரிப்பது. இது நெற்றிப்பக்க மூளையின் பாதிப்பாக இருக்கலாம். இந்த மாதிரிக் குடும்பங்கள் ரொம்ப நாள் "திமிர்" என்று நினைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருக்கும். பீரோவில் வைத்த பணத்தை மருமகள் எடுத்துவிட்டாள் என்று பழி சொல்வது, சிறுநீர் கட்டுப்படாமல் போவது, கீழே விழுந்தது, குடிப்பழக்கம் எல்லாவற்றையும் எழுதுங்கள். குறிப்பாக, தலையில் அடிபட்டதை. படகில் வழுக்கி விழுந்து மாதக்கணக்கு ஆகியிருந்தாலும் சொல்லுங்கள். மண்டைக்குள் மெதுவாக ரத்தம் கசிந்து சேர்ந்து மூளையை அழுத்தி, பார்க்க டிமென்ஷியா மாதிரியே இருப்பது உண்டு. அதை ஆபரேஷன் செய்து எடுத்தால் ஆள் தேறிவிடலாம்.

இவ்வளவு மெனக்கெடல் எதற்கு என்று கேட்பீர்கள். அந்த அறைக்குள் நடக்கிற பரீட்சையை நான் பார்த்தேன், அதனால் சொல்கிறேன். உலகம் பூராவும் பயன்படுத்துகிற முப்பது மார்க் சோதனை ஒன்று இருக்கிறது. 1975-ல் அமெரிக்காவில் ஃபோல்ஸ்டீன் என்பவரும் கூட இருந்தவர்களும் உருவாக்கியது. இன்று என்ன தேதி, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழி, ஒரு வாக்கியம் எழுது, இரண்டு ஐங்கோணம் ஒன்றையொன்று வெட்டுகிற மாதிரி வரை என்று போகும். மூன்றாம் வகுப்போடு கடலுக்குப் போனவர் ஐங்கோணத்தை எப்போது வரைந்தார்? எங்க வீட்டுக்காரரிடம் தேதி கேட்டபோது, "இன்னைக்கு அட்டமி, நீரோட்டம் இருக்காது" என்றார். நான் போனில் காலண்டரைத் திறந்து பார்த்தேன். அட்டமியேதான்! டாக்டர் சிரித்துக்கொண்டு அதையும் எழுதிக்கொண்டார். ஆனால் மூன்று வார்த்தைகளைச் சொல்லிவிட்டு, ஐந்து நிமிஷம் கழித்துத் திரும்பக் கேட்டபோது, அப்படி யாரும் எதுவும் சொல்லவே இல்லை என்று சாதித்தார். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற டாக்டர் கிடைத்தது எங்கள் அதிர்ஷ்டம்.

படிப்பில்லாதவர்களை இந்தச் சோதனை அநியாயமாகத் தோற்கடிக்கிறது என்பது டாக்டர்களுக்கும் தெரியும். 1990-களில் அரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் ஆய்வுக்குப் போன மேரி கங்குலி குழுவினர், எழுதப்படிக்கத் தெரியாத முதியவர்களுக்காகவே இதை மாற்றி ஓர் இந்திச் சோதனை செய்தார்கள். "கண்ணை மூடு" என்று எழுதிய அட்டையைக் காட்டுவதற்குப் பதில், "என்னைப் பார்த்து நான் செய்வதைச் செய்" என்று சோதிப்பவரே கண்ணை மூடிக் காட்டுவார். இப்போது காலையா, மத்தியானமா, சாயங்காலமா என்றும் கேட்பார்கள். இவ்வளவு செய்தாலும், அவர் முன்பு எப்படி இருந்தார், வீட்டிலும் தொழிலிலும் இப்போது எப்படி இருக்கிறார் என்பதைக் கூட இருக்கிறவர்தான் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல ஓ.பி. வரிசையில் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிஷம். வாசலில் நூறு பேர் நிற்கும்போது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எதை முதலில் சொல்வது என்று தடுமாற வேண்டாம். நோட்டின் முதல் பக்கத்தில் பத்து வரியில் சுருக்கம் எழுதி, உள்ளே போனவுடன் கையில் கொடுத்துவிடுங்கள்.

அவர் முன்னாலேயே அவர் குறையை அடுக்குவது பாவம். தான் ஓட்டிய படகில் பத்துப் பேருக்கு உத்தரவு போட்டவர், பெண்டாட்டி வாயால் "இவருக்கு வேட்டி கட்டத் தெரியலை" என்று கேட்க வேண்டுமா? முடிந்தால் இன்னொருவரையும் கூட்டிப் போங்கள். அவர் டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போகிற சாக்கில் நீங்கள் டாக்டரிடம் தனியாக இரண்டு வார்த்தை பேசலாம். எங்களுக்கு என் தங்கச்சி மகன் வந்தான். "பெரியப்பா, வாங்க, ஒரு டீ சாப்பிடுவோம்" என்று பக்குவமாகக் கூட்டிப் போனான்.

அவரிடம் என்ன சொல்லிக் கிளப்புவது என்பது எல்லாரும் கேட்கிற கேள்வி. பொய் சொல்லிக் கூட்டிப் போனால் வாசலில் போர்டைப் பார்த்ததும் திரும்பிவிடுவார். அதற்குப் பிறகு நீங்கள் எதைச் சொன்னாலும் நம்ப மாட்டார். "உங்களுக்கு மறதி நோய், வாங்க" என்றாலும் நடக்காது. நான் சொன்னது உண்மைதான்: "எனக்கும் பிரஷர் பார்க்கணும், உங்களுக்கும் தூக்கம் சரியில்லை, கணக்கு தடுமாறுதுன்னு நீங்களே சொன்னீங்க, ரெண்டு பேரும் காட்டிட்டு வருவோம்." என் பிரஷரையும் பார்த்துக்கொண்டேன். அது அவருடையதைவிட மோசமாக இருந்தது, அதை அப்புறம் சொல்கிறேன்.

பைக்குள் என்ன வைப்பது? அவர் விழுங்குகிற எல்லா மாத்திரையும், அட்டையோடு. சீட்டு மட்டும் போதாது. பக்கத்துக் கடையில் கேட்டு வாங்கிய சளி மாத்திரை, அலர்ஜி மாத்திரை, தூக்க மாத்திரை, நாட்டு மருந்துப் பொடி எதையும் விடாதீர்கள். சில அலர்ஜி மாத்திரைகளும், சிறுநீர் அடிக்கடி வருவதற்குக் கொடுக்கிற சில மாத்திரைகளும் வயசானவர்களின் ஞாபகத்தைக் குழப்பும். மருந்தை நிறுத்தியதுமே தெளிந்தவர்கள் உண்டு. சுகருக்கு மெட்ஃபார்மின் வருஷக்கணக்கில் சாப்பிட்டால் உடம்பில் பி12 சத்து குறையலாம். மூன்று வேளையும் மீன் தின்கிற வீட்டில் பி12 குறையுமா என்று நானும் வாதாடினேன். தின்றாலும் உடம்பு உறிஞ்ச வேண்டுமே என்றார் லேப் பெண். பி12, தைராய்டு, சோடியம், சுகர், ரத்தசோகை, சிறுநீரகம் ஆகியவை முதல்கட்ட ரத்தப் பரிசோதனைகள். பி12 குறைவு, தைராய்டுக் குறைவு, மனச்சோர்வு மூன்றுமே டிமென்ஷியா வேஷம் கட்டிக்கொண்டு வரக்கூடியவை, மருந்துக்குக் கட்டுப்படக்கூடியவை. பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் வரவேண்டுமா என்று முதல்நாளே கேளுங்கள். சுகர் மாத்திரை போட்டவரை வெறும் வயிற்றோடு பஸ்ஸில் ஏற்றினால் வழியிலேயே மயங்கிவிடுவார்.

கண்ணாடி, காதுக் கருவி இருந்தால் மறக்காதீர்கள். காது விஷயம் நம்ம ஊருக்கு ரொம்பப் பொருந்தும். டீசல் எஞ்சின் பக்கத்தில் வாழ்நாளைக் கழித்தவர்களுக்குக் காது மந்தம். கேள்வியே காதில் விழாதவர் பதிலில் தோற்றுப்போவார். அது மட்டும் இல்லை. காது கேளாமையே டிமென்ஷியா வரும் வாய்ப்பைக் கூட்டும் காரணங்களில் ஒன்று என்று லான்செட் ஆணையம் சொல்கிறது. 2024-ல் அவர்கள் வெளியிட்ட அறிக்கையில் தடுக்கவோ குறைக்கவோ கூடிய 14 காரணங்கள் இருக்கின்றன. பிரஷர், சுகர், புகை, கொலஸ்ட்ரால், தனிமை எல்லாம் அதில் வருகின்றன. இதை என் வீட்டுக்காரருக்காக எழுதவில்லை, படிக்கிற நாற்பது வயசுக்காரர்களுக்காக எழுதுகிறேன்.

இனி எங்கே போவது. ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் சுமார் 55 கிலோமீட்டர், மதுரை 170. பெரும்பாலானவர்கள் நேராக மதுரைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். முதல் சுற்றுக்கு அது தேவையில்லை என்பது என் கட்சி. ராமநாதபுரத்தில் 2022 ஜனவரி 12-ஆம் தேதியிலிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பொது மருத்துவம், மனநலம், ரத்தப் பரிசோதனை அங்கேயே முடியும். மாவட்ட மனநலத் திட்ட டாக்டர்கள் குறிப்பிட்ட நாள்களில் வட்டார அரசு ஆஸ்பத்திரிகளுக்கும் வருகிறார்கள். எந்தக் கிழமை எந்த ஊர் என்று கேட்டுவைத்துக்கொண்டால் தீவை விட்டே கிளம்ப வேண்டியிருக்காது. அங்கே பார்த்துவிட்டு, நரம்பியல் டாக்டர் வேண்டும் என்று எழுதிக்கொடுத்தால் மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரிக்குப் போகலாம். சென்னையில் சொந்தக்காரர் இருந்தால் இன்னும் இரண்டு இடம் உண்டு. கிண்டியில் 2024 பிப்ரவரியில் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனை ஒன்று. சாரதா மேனன் அம்மா 1984-ல் தொடங்கிய ஸ்கார்ஃப் மற்றொன்று. மனச்சிதைவுக்காகத் தொடங்கிய நிறுவனம், இப்போது டிமென்ஷியாவுக்கும் தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள்.

மனநலப் பிரிவு என்றதும் எங்க கொழுந்தனார் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "அண்ணனுக்கு என்ன பைத்தியமா? வேணும்னா ஏர்வாடி தர்காவுல ரெண்டு ராத்திரி தங்கவச்சுக் கூட்டிட்டு வாங்க" என்றார். நம்ம மாவட்டத்துக்காரர்களுக்கு அந்த ஊர்ப் பெயர் வாயில் சுலபமாக வரும். எனக்கு 2001 ஆகஸ்ட் 6 ஞாபகம் வந்தது. ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் விடியற்காலை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் செத்துப்போனார்கள். உச்ச நீதிமன்றமே தானாக வழக்கை எடுத்தது, காப்பகங்கள் மூடப்பட்டன. பிறகு மெல்ல மெல்ல இந்த மாவட்டத்துக்கு மனநல டாக்டர்கள் வந்ததற்கும் அந்தத் தீக்கும் தொடர்பு உண்டு. இப்போது தர்கா வளாகத்திலேயே துஆவோடு மருந்தும் கொடுக்கிற அரசுத் திட்டம் நடக்கிறது. தர்காவுக்குப் போங்கள், ஓரியூர் அருளானந்தர் கோயிலுக்குப் போங்கள், அக்னி தீர்த்தத்தில் முங்குங்கள்; எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை, நானும் வேண்டிக்கொள்கிறேன். மாத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள் என்பதுதான் கொழுந்தனாருக்கு நான் சொன்ன பதில்.

சங்கிலி ஏர்வாடியோடு போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். "வெளியே போயிடுறாரு" என்று காலைக் கட்டில் காலோடு கட்டுகிற வீடுகள் இருக்கின்றன. கல்நெஞ்சக்காரர்கள் இல்லை அவர்கள், தூங்கிப் பல நாள் ஆனவர்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதை எந்த வடிவிலும் தடை செய்திருக்கிறது. சட்டம் இருக்கட்டும், கட்டினால் அவர் இன்னும் மூர்க்கமாவார், புண் வரும், தீ வந்தால் என்ன ஆகும் என்று நமக்கே தெரியும். நாங்கள் வாசல் கேட்டில் தாழ்ப்பாளைக் கீழே இறக்கி வைத்தோம். அவர் கை பழக்கத்தில் மேலேயே தேடுகிறார். கேட்டில் ஒரு மணி கட்டியிருக்கிறோம். சாயங்காலம் கடல் பக்கம் நடக்க வேண்டும் என்ற தவிப்பு வரும் நேரம் தெரியும், அதற்கு முன்பே நானாகக் கூட்டிக்கொண்டு நடந்துவிடுவேன்.

ஸ்கேன் முடிந்து, அல்சைமர் என்று சொன்னபோது நான் கேட்க நினைத்த கேள்விகளை நோட்டிலிருந்து படித்தேன். எந்த வகை, எந்தக் கட்டம்? மாத்திரை என்ன செய்யும், என்ன செய்யாது? எந்த அறிகுறி வந்தால் உடனே வரணும்? டோனெபிசில், மெமன்டின் போன்றவை சிலருக்குக் கொஞ்ச காலம் தெளிவைத் தாங்கிப் பிடிக்கும். நோயை நிறுத்தாது என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். வயிற்றுப்போக்கு, பசியின்மை, நாடி குறைவது டோனெபிசிலின் பக்க விளைவுகள். துபாயிலிருந்து மகன் ஒரு வாட்ஸ்அப் அனுப்பினான், அமெரிக்காவில் புது ஊசி வந்திருக்கிறது என்று. உண்மைதான், லெக்கனமாப் என்ற மருந்துக்கு 2023-ல் அங்கே முழு அனுமதி கிடைத்தது. ஆரம்பக் கட்டத்தில் இருப்பவர்களுக்கு மட்டும், மாதக்கணக்கில் தொடர்ந்து ஏற்ற வேண்டும், மூளையில் வீக்கம், ரத்தக்கசிவு வருகிறதா என்று அடிக்கடி ஸ்கேன் பார்க்க வேண்டும், பலன் சிறிதளவு. எங்களுக்கு அது கடந்துபோன துறை. வல்லாரைத் துவையலும் எல்லாரும் சொன்னார்கள். சோற்றுக்கு நன்றாக இருக்கிறது.

நோயின் பெயர் தெரிந்த வாரமே பணக் காரியங்களைப் பாருங்கள். இதில் ஆறப்போட்டவர்கள் நிறையச் சிரமப்படுகிறார்கள். பவர் எழுதி வாங்கினால் போதும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. 1872 ஒப்பந்தச் சட்டப்படி, எழுதிக்கொடுத்தவருக்குப் புத்தித் தெளிவு போய்விட்டால் அந்தப் பவரும் முடிந்துபோகிறது. வேண்டிய நேரத்தில் அது உதவாது. அவருக்கு இன்னும் புரிகிற நிலை இருந்தால், அதை டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டு, வங்கிக் கணக்கை இருவரில் யாரும் இயக்கலாம் என்ற கூட்டுக் கணக்காக மாற்றுங்கள். நாமினி, உயில் எல்லாம் அவர் விருப்பப்படி முடியுங்கள். நிலை கடந்துவிட்டால் கோர்ட்தான். கோமாவில் இருந்த கணவருக்கு மனைவியையே பாதுகாவலராக நியமித்து, சொத்தை விற்று வைத்தியம் பார்க்க 2024 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் அனுமதித்தது. அந்த வழி இருக்கிறது, ஆனால் வக்கீல், அலைச்சல், காசு. பிள்ளைகள் கைவிட்டால் 2007 முதியோர் பராமரிப்புச் சட்டப்படி ஆர்.டி.ஓ.விடம் மனு கொடுக்கலாம். அதற்கு வக்கீல் வேண்டாம்.

பராமரிப்புக்கு உதவி என்று தேடினால் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்காது, துண்டு துண்டாகச் சேர்க்க வேண்டும். இந்தியாவில் அறுபது தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, கிட்டத்தட்ட 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கலாம் என்று 2023-ல் வந்த ஆய்வு சொன்னது. நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம், ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். அவர்களில் எத்தனை பேருக்குப் பகல்நேரப் பராமரிப்பு மையம் எட்டும் தூரத்தில் இருக்கிறது? 2025 நவம்பரில் தமிழ்நாடு அரசு 25 'அன்புச்சோலை' மையங்களைத் தொடங்கியது; முதியவர்கள் பகலில் வந்திருந்து போகிற இடம். நல்ல தொடக்கம். நம்ம கரையோரத்துக்கும் கேட்டு மனுப் போடுங்கள், நான் போட்டிருக்கிறேன்.

இன்றைக்கே கையில் உள்ளவை: 14567 எல்டர்லைன், முதியவர்களுக்கான இலவச எண். 14416 டெலி மனாஸ், தமிழிலேயே மனநல ஆலோசனை, ராத்திரியிலும் எடுப்பார்கள். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, படுக்கையில் விழுந்தவர்களுக்கு நர்ஸும் பிசியோதெரபிஸ்டும் வருவார்கள். மாத்திரை கொண்டுவருகிற பெண்ணிடம் வீட்டில் டிமென்ஷியா இருப்பதைச் சொல்லிவையுங்கள். 1992-ல் கேரளத்தில் தொடங்கிய ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. என்ற அல்சைமர் சங்கத்துக்குச் சென்னையிலும் கிளை உண்டு. கவனிக்கிறவர்களுக்கு வழி சொல்வார்கள். கோவாவில் பெரிய படிப்பில்லாத உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, டிமென்ஷியா உள்ள வீடுகளுக்கு அனுப்பிப் பார்த்த ஆய்வு 2008-ல் வெளியானது. கவனிக்கிறவர்களின் மனநிலை தேறியது என்று அதில் தெரிந்தது. நம்ம ஊர் சுயஉதவிக் குழுப் பெண்களால் இதைச் செய்ய முடியாதா?

எனக்குக் கிடைத்த உதவி எந்தத் திட்டத்திலும் இல்லாதது. சின்னப்பாலம் பக்கத்திலிருந்து கடல்பாசி எடுக்கிற ஒரு அக்கா. பாசி எடுக்கிறவர்கள் மாசம் முழுக்கக் கடலில் இறங்குவதில்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கணக்காகச் சில நாள்தான். மற்ற நாள்களில் காலையில் வந்து இவரோடு உட்கார்ந்து கிழிந்த வலையை விரித்துப் போட்டு, "இதை எப்படிண்ணே முடியிறது?" என்று கேட்பார். தெரியாத மாதிரி கேட்பார். இவர் சொல்லிக்கொடுப்பார். அந்த மூன்று மணி நேரத்தில் நான் ரேஷன், வங்கி, சமையல் முடித்து, கொஞ்சம் தூங்குவேன். கூலி பேசித்தான் கொடுக்கிறேன். உறவுக்காகச் செய்கிறார்கள் என்று சும்மா வாங்கிக்கொண்டால் ரெண்டு மாசத்தில் வருவது நின்றுவிடும். பாசி நாள்களில் அவர் வரமாட்டார், அன்றைக்கு நான் பிறை பார்த்து வேறு ஆள் ஏற்பாடு செய்கிறேன்.

துபாய் மகன், திருப்பூர் மகள் இருவரிடமும் "அப்பாவைப் பார்த்துக்கோங்கம்மா" என்ற ஆறுதல் நிறைய வந்தது. நான் வேலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டேன். ஆஸ்பத்திரிச் செலவும் அக்காவின் கூலியும் மகன். ராத்திரி ஒன்பது மணிக்கு வீடியோ காலில் அப்பாவோடு அரை மணி நேரம் மகள், அந்த நேரத்தில் நான் சாப்பிடுவேன். தடைக்காலத்தில் இரண்டு வாரம் கொழுந்தனார் வீட்டில் அண்ணன் தங்குவார். கொழுந்தனார் முகம் மறுபடி ஒரு மாதிரி போனது. போகட்டும். என் பிரஷரைப் பார்த்த டாக்டர், "நீங்க விழுந்தா இவர யார் பார்ப்பாங்க?" என்று கேட்டதை அவரிடம் அப்படியே ஒப்பித்தேன்.

கடைசியாக ஒன்று, தீவில் இருக்கிறவர்களுக்கு. நம்ம வீட்டிலிருந்து எந்தப் பக்கம் நடந்தாலும் கடல். அவர் போட்டோவையும் என் நம்பரையும் படகுத்துறையில், டீக்கடையில், ஆட்டோ ஸ்டாண்டில், கடலுக்குப் போக டோக்கன் கொடுக்கிற இடத்தில் கொடுத்து வைத்திருக்கிறேன். காணவில்லை என்றால் பத்து நிமிஷம் தேடுங்கள், அதற்கு மேல் கௌரவம் பார்க்காமல் 112-க்கும், கடலோரக் காவல் குழுமத்தின் 1093-க்கும் போன் போடுங்கள். கழுத்தில் அட்டை மாட்டினால் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். சட்டையின் உள்பக்கம், காலருக்குக் கீழே, பெயரும் நம்பரும் எழுதிய துணித் துண்டைத் தையுங்கள். துவைத்தாலும் அழியாத மார்க்கர் பேனா பேப்பர் கடையிலேயே கிடைக்கும். புதுச் சட்டை எடுத்தால், அவர் போடுவதற்கு முன்பே தைத்துவிடுங்கள்.